கணக்கில் தோன்றிய வழக்கு

உயரத்தையும் நிறையையும் அளந்து கணக்கிடுவதை யாவரும் அறிவர். ‘ஆண், பெண்’, ‘இடம் பெற்றவர், பெறாதவர்’ என்பவற்றையோ அளத்தல் இயலாது. வகை பிரித்து எண்ணுதலே இயலும். அவ்வாறு எண்ணிய தொகைகளை ஆராய்வதற்குக் கால் பியர்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1900ஆம் ஆண்டிற் கைவர்க்கப் பரிசோதனையை வகுத்தளித்தார். மாணாக்கர் அதன் சூத்திரத்தை மனனஞ் செய்து நன்றாகவே ஒப்புவிக்கின்றனர். எண்ணுமுன் எவ்வாறு வகுப்பது என்னும் வினாவை நாம் அவர்களுக்குப் போதிய அளவு விளக்குவதில்லை.

அமெரிக்காவில், பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டிற் பட்டப்பின் படிப்புக்கு 12,763 பேர் விண்ணப்பித்தனர். ஆடவருள் நூற்றுக்கு 44 பேருக்கும் பெண்களுள் நூற்றுக்கு 35 பேருக்குமே இடங் கிடைத்தது. இத்துணைப் பெருந்தொகையில் இவ்வேற்றுமையைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. பெண்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதென்றே எவருங் கூறுவர். நாமுங் கூறியிருப்போம்.

பிக்கல், ஹமெல், ஓக்கொனெல் என்னும் மூவர் இத்தொகைகளைத் துறைவாரியாகப் பிரித்து ஆராய்ந்து, 1975இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். பெரிய துறைகள் ஆறனை மட்டும் நோக்குவோம். ஒரு துறைக்கு ஆடவர் 825 பேர் விண்ணப்பித்து நூற்றுக்கு 62 பேர் இடம்பெற, பெண்கள் 108 பேரே விண்ணப்பித்து நூற்றுக்கு 82 பேர் இடம்பெற்றனர்! வேறொன்றில் ஆடவருக்கு 6, பெண்களுக்கு 7. ஆறனுள் நான்கிற் பெண்களின் வீதமே கூடுதல். எஞ்சிய இரண்டிலுங் குறைவு சொற்பமே.

அங்ஙனமாயின் மொத்தத்திற் பெண்கள் பின்தங்கியது எவ்வாறு? இடம் எளிதிற் கிடைத்த துறைகள் இரண்டே. இவ்வாறு துறைகளுக்கும் விண்ணப்பித்த ஆடவர் 2,691 பேருள் 1,385 பேர் அவ்விரண்டையும் நாடினர். பெண்கள் 1,835 பேருள் அவற்றை நாடியவர் 133 பேர் மாத்திரமே. மற்றையோர் நெருக்கடி மிகுந்த வாயில்களிற் போய் நின்றனர். இத்தகைய முரணை 1951இல் எட்வேட் சிம்சன் என்பவர் எடுத்துக்காட்டியமையால் அஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

தெரிவுக் குழுவினர்மீது குற்றமில்லை என்றதும் வழக்கு முடிந்ததென நாம் கருதவில்லை. அங்கு ஆங்கிலத் துறைக்கு விண்ணப்பித்தோருள் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். பொறிமுறை எந்திரவியலுக்கோ நூற்றுக்கு இருவரே. அப்பெண்கள் வேறு வழிகளிற் செலுத்தப்பட்டது பல்கலைக்கழக வாயிலிலன்று; அதற்கு நெடுநாள் முன்னரே, அவர்கள் வளர்ந்த முறையிலும் பயின்ற கல்வியிலுமே அது நிகழ்ந்துவிட்டதென்று அம்மூவரும் எழுதினர்.