சாட்சியின் சொல்லும் எழுதுவோர் சொல்லும்

ஒரே பொருளைக் குறிப்பனவாகத் தோன்றும் இரண்டு பதங்களில் எது அதிகக் கம்பீரமாக ஒலிக்கிறதோ அதையே எழுதவேண்டும் என்ற எண்ணம் நம்மில் படித்தவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. பள்ளிக்கூடத்து வியாசத்தில் இதனால் நேரும் நஷ்டம் சொற்பம். இரண்டு மார்க்கு குறையலாம்; உபாத்தியாயரின் ருசியைப் பொறுத்துக் கூடவும் கூடும். கோர்ட்டு வாசலுக்குள் இப்பழக்கம் நுழையுமாயின் நஷ்டமடைபவன் எழுதியவன் அல்லன்.

வக்கீல் தொழிலில் நாம் கண்ட சம்பவம் ஒன்று. ஒரு கிழவி சாட்சிக் கூண்டில் நின்றாள். தன் வீட்டுத் திண்ணையிலிருந்த செப்புக் குடத்தை ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடினான் என்பது அவள் வாக்கு. போலீசார் எழுதிய வாக்குமூலத்திலோ ‘பறித்துச் சென்றான்’ என்றிருந்தது. எழுதியவருக்குப் பொய் எழுதும் நோக்கம் இருந்திராது. ‘எடுத்தான்’ என்பது பாமரமாகப் பட்டிருக்கவேண்டும். “அன்று பறித்தான் என்றாய், இன்று எடுத்தான் என்கிறாய், எது மெய்?” என்று குறுக்கு விசாரணையில் கேள்வி பிறந்தது. கிழவி விழித்தாள். போலீசாரிடம் கூறும் அத்தகைய வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடலாகாது என்பது சட்டம். சாட்சியின் முரண்பாட்டைக் காட்ட அதனையே உபயோகிக்கலாம் என்பதும் சட்டமே. ஆகவே, தான் உச்சரித்தேயிராத ஒரு சொல்லுக்கு அவள் ஜவாப் சொல்லவேண்டியதாயிற்று.

எடுத்தல், பறித்தல் என்னும் இவற்றிடையே அப்படி என்ன பேதம் என்று வாசகர்கள் வினவலாம். உடையவர் சம்மதமின்றி, நேர்மையற்ற கருத்துடன், அசையும் பொருளை அவர் வசத்திலிருந்து அகற்றினால் அது திருட்டு. அச்சுறுத்தி அவர் கையாலேயே கொடுக்கச் செய்வது மிரட்டிப் பறித்தல். திருடுவதற்காகக் காயமோ, உடனே காயம் நேருமென்ற பயமோ விளைவித்தால் கொள்ளை. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் வகுத்த இப்பாகுபாட்டை, 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையும் காத்து வருகிறது. முதல் திருட்டுக்கு மூன்று வருஷம் வரை சிறை. கொள்ளைக்குப் பத்து வருஷம் வரை. அதுவே இரவில் நெடுஞ்சாலையில் நிகழ்ந்தால் பதினான்கு வரை. ஒரு வினைச்சொல்லை மாற்றுவது எத்தனை வருஷத்தை மாற்றக்கூடும் என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பத்திரிகைகளும் இக்குற்றத்திற்கு விலக்கல்ல. நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம். ஆளில்லாத வீட்டில் பூட்டை உடைத்து நகையைக் கொண்டுபோனால் ‘நகை கொள்ளை’ என்று தலைப்பிடுகிறோம். காயப்பட்டவர் யார்? பயந்தவர் யார்? வீட்டில் பூனைகூட இராது.

இதனினும் அபாயமானது ‘ஒப்புக்கொண்டான்’ என்பது. விலைக்கு இசைந்தாலும் ஒப்புக்கொண்டான். கடன் உண்டென்று சொன்னாலும் ஒப்புக்கொண்டான். கொலை செய்தேன் என்றாலும் ஒப்புக்கொண்டான்! ‘சம்பவ தினத்தில் அந்தத் தெருவில் இருந்தேன்’ என்று ஒருவன் சொல்வது ஒரு சங்கதியை ஏற்பதேயன்றிக் குற்றத்தை ஏற்பதாகாது. மறுநாள் காலையில் ‘எதிரி ஒப்புதல்’ என்று ஊரெங்கும் படிக்கிறார்கள். போலீஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக ருசுப்படுத்தலாகாது என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2023-ஆம் வருஷத்துப் புதிய சட்டமும் அவ்வாறே விதிக்கிறது. நியாயாதிபதி பார்க்கலாகாத ஒன்றைச் சந்தைக்கு வரும் ஜனங்களெல்லாம் பார்த்துத் தீர்ப்பும் கூறிவிடுகிறார்கள். இசைந்தான், ஏற்றான், குற்றத்தை ஒப்பினான் என்று மூன்று சொற்கள் தமிழில் இருக்க, ஒன்றையே மூன்றிற்கும் சுமத்துவது சோம்பலன்றி வேறில்லை.

கிழவியின் வழக்கை விசாரித்த மாஜிஸ்திரேட் பொறுமைசாலி. எழுதியிருந்ததை ஒதுக்கிவைத்து, “நடந்ததை உன் வார்த்தையிலேயே சொல், அம்மா” என்றார். “நான் அடுப்படியில் இருந்தேன் சாமி, சத்தம் கேட்டு வந்தேன், அவன் முதுகுதான் தெரிந்தது” என்றாள் அவள். வழக்கு, திருட்டு வழக்காகவே முடிந்தது.