டாக்டர் கண்ணுக்கு ஒரு கவசம்

இருதயத்து ரத்தக் குழாயில் அடைப்பு என்றால், மார்பைப் பிளக்காமலே, மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திச் சரி செய்துவிடுகிறார்கள் அல்லவா? 1977-ஆம் வருஷம் ஸூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் முதன் முதலாகச் செய்து காட்டிய சிகிச்சை இது.

உடம்புக்குள்ளே அந்தக் குழாய் எங்கே போகிறது என்று டாக்டருக்கு எப்படித் தெரிகிறது? எக்ஸ்ரே கிரணங்கள்தாம் திரையில் காட்டிக் கொடுக்கின்றன. நமக்கு வழி காட்டும் அதே கிரணங்களால் டாக்டரின் கண்ணுக்கு ஆபத்து இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

குழாயடியில் கவிழ்த்து வைத்த பாத்திரத்தின்மேல் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகிறது? நாலா பக்கமும் தெறித்துப் புடவையை நனைக்கிறது. எக்ஸ்ரேயும் அப்படித்தான். நோயாளியின் உடம்பில் பட்ட கிரணங்களில் ஒரு பகுதி சிதறி, பக்கத்தில் நிற்கும் டாக்டர்மீதும் நர்ஸ்மீதும் படுகிறது. நோயாளிக்கு இது என்றோ ஒரு நாள் சமாசாரம். டாக்டருக்கோ தினசரி வேலை!

ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். அதன் குணம் தெரியாமல் உழைத்து உயிரை விட்டவர்கள் பலர். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 1936-ல் அவர்களுக்கு ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பி, 169 பெயர்களைப் பொறித்தார்கள். நாளடைவில் ஈயம் சேர்த்த அங்கி வந்தது. கழுத்துக்கும் ஒரு பட்டை வந்தது. ஆனால் முகம் மட்டும் வெகு காலம் திறந்தே இருந்தது.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை பளிங்கு போன்றது. கிரணங்களால் கெட்டுப்போன அணுக்கள் வில்லையின் பின்புறம் போய்ச் சேர்ந்து அதை மங்கச் செய்கின்றன. வயோதிகத்தில் வரவேண்டிய புரை, நடு வயதிலேயே எட்டிப் பார்க்கிறது. வலி கிடையாது, வருஷங்கள் கழித்தே தெரியும். அதுதான் இதில் உள்ள மோசம்.

2008-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் கூடிய இருதய டாக்டர்களின் கண்களைப் பரிசோதித்தார்கள். 100-க்கு 38 பேருக்கு வில்லையின் பின்புறம் மங்கல் காணப்பட்டது. இந்த வேலையில் இல்லாதவர்களிடம் அது 12 பேருக்குத்தான். 2011-ல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கமிஷன் கண்ணுக்கு உரிய வரம்பை வருஷத்துக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து, ஐந்து வருஷச் சராசரியாக 20-க்குக் குறைத்துவிட்டது.

பரிகாரம் கஷ்டமானதல்ல. முதலாவது, ஈயம் கலந்த மூக்குக் கண்ணாடி. டாக்டர் பார்ப்பது திரையை. கிரணங்கள் வருவது பக்கவாட்டிலும் கீழிருந்தும். ஆகையால் ஓரங்களிலும் மறைப்பு இருந்து, கன்னத்தோடு ஒட்டி அமைந்தால்தான் பிரயோஜனம். இரண்டாவது, கூரையிலிருந்து தொங்கும் ஈயத் தடுப்பு. கண்ணாடிபோல் தெளிவான அதை நோயாளிக்கும் தம் முகத்துக்கும் நடுவே இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மூலையில் தள்ளிவிட்டால் இருந்தும் பயனில்லை. மூன்றாவது, தேவையில்லாத சமயத்தில் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிடுவது. நான்காவது, தூரம். இரண்டு மடங்கு விலகி நின்றால் மேலே படுவது ஏறக்குறையக் கால் பங்காகிவிடும். உடன் நிற்கும் நர்ஸ்களுக்கு இது மிகவும் உதவும்.

ஈயக் கண்ணாடி கனம். மூக்கை அழுத்தும், வியர்வையில் வழுக்கும். "இன்று ஒரு நாள்தானே" என்று கழற்றி வைக்கத் தோன்றுவது சகஜம். தினம் தினம் சேரும் அந்த 'ஒரு நாள்'தான் கடைசியில் கண்ணை மறைக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடக்கும்போது, டாக்டர் கனத்த அங்கியும் அகலக் கண்ணாடியுமாக வந்தால் பயப்படாதீர்கள். நம் வீட்டாரைக் காப்பாற்றும் கண்கள் நாளைக்கு அடுத்த வீட்டாருக்கும் வேண்டும் அல்லவா?