மெழுகு திறக்கும் கதவு

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலை ஏறத் தொடங்கினால் வளைவுக்கு மேல் வளைவு. போன மே மாதம் கரியாலூரை எட்டும்போது எங்கள் காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஒரு டீக்கடை முன்னால் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தோம்.

மாமா துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். "அண்ணே, கை வைக்காதீங்க!" என்று கடைக்காரர் ஓடி வந்தார். நல்லவேளை!

ஏன் தெரியுமா? கரியாலூர் போன்ற மலை ஊர்களில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 97 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் கதையே வேறு. அந்த மூடி, குக்கர் விசில் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் உள்ளே எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் கூலன்ட் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சினைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மிச்சத்தைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றிடம் கொடுக்க வேண்டும். மலையில் எரிபொருள் அதிகம் எரியும். வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்றும் குறைவு. அதனால்தான் சமவெளியில் ஒளிந்திருந்த கோளாறு மலையில் வெளியே வந்துவிடும்.

நாங்கள் அழைத்த மெக்கானிக் அண்ணன் வருவதற்குள் எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. கூலன்ட் அளவு சரி, ஒழுகல் இல்லை. எஞ்சினை மறுபடி ஓடவிட்டார். முள் ஏறியது, மின்விசிறியும் சுற்றியது. மேல் ஹோஸைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கீழ் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தது. "தண்ணி சுத்தலை. தெர்மோஸ்டாட் திறக்கலை போல" என்றார்.

தெர்மோஸ்டாட் ஒரு சின்னக் கதவு. எஞ்சின் சூடேறும்வரை மூடியிருந்து, பிறகு கூலன்டை ரேடியேட்டர் பக்கம் விட வேண்டும். அதைத் திறப்பது மின்சாரம் அல்ல, மெழுகு! உருகிய மெழுகுவர்த்தி ஆறும்போது நடுவில் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உறைந்தால் சுருங்கும், உருகினால் விரியும். பித்தளைக் குப்பிக்குள் அடைத்த மெழுகு விரிந்து ஒரு கம்பியைத் தள்ள, கதவு திறக்கும். ஆறியதும் ஸ்பிரிங் அதை மூடிவிடும்.

வண்டி மறுபடி ஆறிய பிறகு அதைக் கழற்றினார். திறக்க வேண்டிய வெப்பநிலை 82 டிகிரி என்று பொறித்திருந்தது. பழைய தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தார். (டீச் சட்டியில் கூடவே கூடாது; கூலன்ட் விஷம்.) தண்ணீர் தளதளவென்று கொதித்தது. 97 டிகிரியிலும் கதவு அசையவில்லை!

தெர்மோஸ்டாட் இல்லாமலேயே பூட்டி, கூலன்ட் நிரப்பிக் கொடுத்தார். பலர் அப்படியே ஓட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எஞ்சின் சூடேறவே நேரமாகும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் புதியது வாங்கினோம்.

பொருத்துவதற்கு முன் அதையும் ஒரு டப்பாவில் தொங்கவிட்டுப் பார்த்தோம். தண்ணீர் கொதிக்கவே இல்லை. அதற்குள் கதவு நூலளவு விலகியது, பிறகு விரல் நுழையும் அளவு. வெளியே எடுத்து ஊதினேன். மெல்ல மூடிக்கொண்டது.