போனை உடைக்காதீர்கள்

பதினேழு வயதுப் பிள்ளையின் இன்ஸ்டாகிராமில் என்ன இருக்கும்? பாதியில் நிற்கும் பென்சில் ஓவியம், மாடியில் தூங்கும் பூனை, பரீட்சை எரிச்சல், தோழிகளோடு ஆடிய ஒரு ரீல். அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து வேறோர் உடலில் பொருத்த இன்று ஒரு செயலி போதும். பிறகு செய்தி வரும்: "ஐயாயிரம் அனுப்பு, இல்லாட்டி உங்க அண்ணனுக்கு இது போகும்." பையன்களிடம் வேறு விதம். பெண் பெயரில் நட்பு, ஒரு வீடியோ கால், அதன் பதிவு, அதே மிரட்டல்.

மிரட்டுகிறவனைவிட, மிரட்டல் வந்த வீட்டில் அடுத்த ஒரு மணி நேரம் நடப்பதுதான் வயிற்றெரிச்சல். அப்பா போனைத் தரையில் அடிக்கிறார். அம்மா "எல்லாத்தையும் அழிச்சிடு" என்கிறார். பிள்ளை உரையாடலை அழித்து, அந்த ஆளை பிளாக் செய்து, தன் கணக்கையும் மூடிவிடுகிறது. மறுநாள் மனம் மாறிக் காவல் நிலையத்துக்குப் போகும்போது காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. குற்றவாளி செய்ய வேண்டிய வேலையைக் குடும்பமே செய்து முடித்திருக்கிறது.

எதையும் அழிக்காதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள், ஐயாயிரம் கொடுத்த வீட்டில் அடுத்த வாரம் பத்தாயிரம் கேட்பான்.

முதல் வேலை, ஆதாரம். திரையில் தெரியும் பெயரைப் படம் பிடித்தால் போதாது, அதை அவன் ஒரு நொடியில் மாற்றிவிடுவான். அவனுடைய பக்கத்துக்குப் போய் யூசர்நேமோடு படம் எடுங்கள், அந்தப் பக்கத்தின் லிங்க்கை நகலெடுத்து வையுங்கள். மிரட்டல் செய்திகள் தேதி, நேரத்தோடு தெரிய வேண்டும். ஒருமுறை பார்த்ததும் மறையும் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாவிட்டால் இன்னொரு போனால் திரையைப் படம் பிடியுங்கள். ஒரு தாளில் தேதி, நேரம், லிங்க், தொலைபேசி எண், அவன் கொடுத்த யூபிஐ ஐடி என வரிசையாக எழுதுங்கள். பணம் போயிருந்தால் அந்தப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண்ணும் வேண்டும். அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் மூல ஆதாரம் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் அந்தரங்கப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். "இது யாருன்னு பாருங்க" என்று சித்தப்பா குடும்பக் குழுவில் போடுவது அக்கறை ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67பி-இன்கீழ் அதுவே குற்றம். போலீசில் போனைக் காட்டுங்கள், போதும்.

இரண்டாவது, புகார். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க அதுவே வழி. படம், மிரட்டல், போலிக் கணக்கு என்றால் சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி. டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் பகுதிக்குப் போங்கள். பெயர் சொல்லாமலும் அங்கே புகார் தரலாம், ஆனால் அப்படித் தந்த புகாரைப் பின்தொடர முடியாது. பெயரோடு கொடுத்து, ஒப்புகை எண்ணை வாங்கி வையுங்கள்.

லிங்க்கைப் பத்திரப்படுத்திய பிறகே இன்ஸ்டாகிராமில் ரிப்போர்ட் செய்யுங்கள். கணக்கு நீங்கிவிட்டால் லிங்க்கும் போய்விடும். நீக்கிய பதிவின் விவரத்தை நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. மாமாவிடம் கேட்டு, ஜோசியரிடம் கேட்டு ஆறு மாதம் ஓட்டினால் அதுவும் கைவிட்டுப் போகலாம். படம் பரவாமல் தடுக்க, பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ, அதற்குக் கீழே டேக் இட் டவுன் என்று இரண்டு இலவசச் சேவைகள் உண்டு. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது; அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதே படத்தைத் தடுக்கின்றன. வாட்ஸ்அப் உரையாடலுக்குள் சுற்றுவதை இது தடுக்காது.

மூன்றாவது, காவல் நிலையம். பெரும்பாலோர் களைத்துத் திரும்புவது இங்கேதான். "இது எங்க எல்லை இல்ல" என்பார்கள். எந்த நிலையத்திலும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173. எல்லை தாண்டிய புகாருக்கு ஜீரோ எஃப்ஐஆர் பதிய வேண்டும். "இன்ஸ்பெக்டர் வரட்டும்" என்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டரோ அவருக்கு மேற்பட்டவரோ விசாரிக்க வேண்டும் என்பது பிரிவு 78. அது விசாரணைக்கான விதி, புகாரை வாங்காமல் இருக்க அதைச் சாக்காக்கக் கூடாது. "பொண்ணு எதுக்கு போட்டோ போட்டுச்சு?" என்றும் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

சிறுவர், சிறுமியர் வழக்கில் போக்சோ சட்டம் பொருந்தினால், வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். பெற்றோரோ, பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கும் தலைமையாசிரியர்கள் பிரிவு 21-ஐப் படிக்கட்டும். தெரிந்தும் தெரிவிக்காதது குற்றம்.

கடைசியில் கையில் என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது எஃப்ஐஆர் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், அது எஃப்ஐஆர் இல்லை. எஃப்ஐஆர் பதிந்தால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அதற்கு மேல் இழுத்தடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

பதிய மறுத்தால், அதே புகாரை, சி.எஸ்.ஆர். ரசீது, ஒப்புகை எண், மிரட்டல் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் நகல்களோடு (அந்தரங்கப் படம் வேண்டாம்) மாவட்ட எஸ்.பி.க்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மாநகரம் என்றால் கமிஷனருக்கு. மறுத்த தேதியையும் நிலையத்தின் பெயரையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தபால் ரசீதைப் புகார் நகலோடு பின் செய்து வையுங்கள். அங்கேயும் அசைவு இல்லை என்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், எஸ்.பி.க்கு அனுப்பியதற்கு அத்தாட்சியாக அந்த ரசீதை அங்கே கேட்பார்கள்.