குடியம்: கருவிக் கல் எடுத்த காடு

கனிமம் எடுத்த பழைய இடம் என்றதும் ஆழ்குழிகளும், கழிவுமண் மேடுகளும், பாழடைந்த செங்கல் கட்டடங்களுமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்களுக்கு வடமேற்கே, பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்து அல்லிக்குழி மலைத்தொடரின் காப்புக்காட்டுக்குள் இருக்கும் குடியம் பகுதியில் இவற்றுள் எதுவும் இல்லை. ஆயினும் மனிதர் தமக்கு வேண்டிய மூலப்பொருளை நிலத்திலிருந்து தேர்ந்தெடுத்து, அங்கேயும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பண்டமாக்கிய இடம் என்ற பொருளில், இந்தியாவின் மிகத் தொன்மையான கல்லெடுப்பு நிலங்களுள் ஒன்று இது.

இம்மலையின் பாறையை நிலவியலார் திரள்பாறை என்பர். பழங்காலத்து நீரோட்டம் உருட்டி வந்த கூழாங்கற்களும் பெருங்கற்களும் மணலோடு சேர்ந்து இறுகி உருவான பாறை என்பது அதன் பொருள். அக்கற்களுள் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் வகையைச் சேர்ந்தவை. மணற்பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மேலும் இறுகும்போது உண்டாகும் இக்கல், சரியான கோணத்தில் தட்டினால் கூரிய விளிம்புடன் செதில் செதிலாகப் பெயரும். மழையும் ஓடைகளும் பாறையை அரித்து இக்கற்களைச் சரிவுகளிலும் கொற்றலையாற்றின் படுகையிலும் பரப்பிவிட்டதால், குழி தோண்டாமலே கல்லைத் தேர்ந்தெடுக்கும் வசதி தொல்மாந்தருக்குக் கிடைத்தது. இங்கிலாந்தில் உள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்னுமிடத்தில் புதிய கற்கால மக்கள் தீக்கல்லுக்காக நானூறுக்கும் மேற்பட்ட குழிகளை வெட்டினர். இங்கோ அந்த வேலையை இயற்கையே செய்து கொடுத்தது.

இந்நிலத்தின் பழமை வெளிப்பட்டதிலும் ஒரு சரளைக் குழிக்குப் பங்குண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863ஆம் ஆண்டு மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளை எடுக்கப்பட்ட குழியொன்றில் மனிதர் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கருவிகளைக் கண்டனர். இருபுறமும் செதுக்கிக் கூராக்கப்பட்ட கைக்கோடரிகள் இங்கு மிகுதியாகக் கிடைத்ததால், இம்மரபுக்குச் சென்னைக் கைக்கோடரி மரபு என்ற பெயர் ஏற்பட்டது.

குடியம் சிற்றூரிலிருந்து மலையின் குகைகளுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை முட்புதர் மண்டிய வறண்ட காட்டினூடே செல்கிறது. காப்புக்காடு என்பதால் வனத்துறையின் அனுமதி பெற்ற பின்னரே அதில் நடக்க வேண்டும். காலுக்கடியில் உருளும் கூழாங்கற்களே பின்னர் குகையின் கூரையிலும் பதிந்திருப்பதைக் காண்பவருக்கு, கல் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். குகை என்று வழங்கினாலும் இவை ஆழ்ந்த பொந்துகள் அல்ல. மேற்பாறை முன்துருத்தி நிற்க, அடிப்பகுதி அரிக்கப்பட்டதால் உண்டான பாறை ஒதுங்கிடங்கள் ஆகும். இங்கு 1962க்கும் 1964க்கும் இடையே இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது.

அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் நடத்திய அகழாய்வுகள் இந்நிலத்தின் காலக்கணக்கையே மாற்றின. அச்சூலியன் எனப்படும் கைக்கோடரிப் பண்பாடு இங்கு குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றும், சராசரியாகச் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையது என்றும் 2011இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இந்தச் சராசரியைக் கணக்கிட்ட முறை இது: கல் நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அதனுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரு கதிரியக்க ஐசோடோப்புகளைச் சிறிதளவு உண்டாக்கும். கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் அவை உண்டாவது ஏறக்குறைய நின்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைந்து குறையும். எஞ்சியுள்ள அளவுகளின் விகிதத்தைக் கொண்டு, கல் எப்போது புதைந்தது எனக் கணக்கிடலாம். பிற்காலத்துக்குரிய இடைப் பழங்கற்காலக் கருவிமரபு இங்கு சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதை 2018இல் வெளியான ஆய்வு நிறுவியது.

இக்கணக்குகள் எல்லாம் சாத்தியமானது, கற்கள் தாம் புதைந்த அடுக்கிலேயே அசையாமல் கிடந்ததால்தான். எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்ற செய்தியே கல்லின் மதிப்பு. நினைவுப் பொருளாக வீட்டு அலமாரிக்கு வந்த கைக்கோடரி அச்செய்தியை இழந்து ஊமையாகிவிடுகிறது. சாலைக்கும் கட்டுமானத்துக்கும் சரளையும் செம்மண்ணும் வெட்டி எடுக்கப்படும்போது இதே இழப்பு பன்மடங்காகிறது. இடிந்த கோட்டையை மதில் துண்டாவது அடையாளம் காட்டும். இந்தத் தொன்மையான கல்லெடுப்பு நிலத்தில் மண்ணடுக்கே மதில், அது போனால் அனைத்தும் போகும்.

கருவிகளைக் காண விரும்புவோருக்காகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1985இல் பூண்டியில் அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ புறநகர் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால், அங்கிருந்து பூண்டிக்குச் சாலை வழியே செல்லலாம். முதலில் அகழ்வைப்பகத்தில் கருவிகளின் வடிவங்களை அறிந்துகொண்டு, பிறகு காட்டுப் பாதையில் நடப்பதே பயனுள்ள முறை. அந்தப் பாதையில் கூரிய விளிம்புள்ள கல் ஒன்று கண்ணில் பட்டால், அதைப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கல்லை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

(தொடரும்)