ஆப்பிளுக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்?

காந்திபுரம் பஸ் நிலையத்தை ஒட்டிய பழக்கடைகளில் நீங்களும் ஆப்பிள் வாங்கியிருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் உறவினரைப் பார்க்க வெறுங்கையோடு போக முடியுமா? விலையைக் கேட்டதும், "ஏனுங்க, போன தடவை இவ்வளவு இல்லையே!" என்றிருப்பீர்கள். "வெளிநாட்டுச் சரக்குங்க" என்று கடைக்காரர் சுருக்கமாக முடித்திருப்பார். அவர் சொல்லாமல் விட்டதுதான் சுவாரசியமான சமாசாரம்.

வெளிநாட்டு ஆப்பிள் நம் துறைமுகத்தில் சுங்க வரி கட்டித்தான் உள்ளே வர வேண்டும். பொதுவான விகிதம் நூற்றுக்கு 50. அதாவது, 100 ரூபாய்ச் சரக்கு வாசற்படி தாண்டும்போதே 150 ரூபாய் ஆகிவிடுகிறது. குளிர்பதனக் கிடங்கு, லாரி வாடகை, அழுகல், வியாபாரியின் லாபம் எல்லாம் அதற்கு மேல்தான்.

ஏன் இவ்வளவு வரி என்கிறீர்களா? காஷ்மீரிலும் ஹிமாசலப் பிரதேசத்திலும் ஆப்பிளை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். மலிவான பழம் வந்து குவிந்தால் அவர்கள் கதி என்ன?

இரும்பால் வந்த வினை

இனி வேடிக்கையைக் கேளுங்கள். 2018-ல் அமெரிக்கா, வெளிநாட்டு உருக்குக்கு 25 சதவிகிதமும் அலுமினியத்துக்கு 10 சதவிகிதமும் வரி போட்டது. நம் சரக்கும் அதில் மாட்டிக்கொண்டது. 2019 ஜூனில், இந்தியாவுக்கு அளித்துவந்த வர்த்தகச் சலுகையையும் அமெரிக்கா ரத்து செய்தது. நம் சர்க்கார் சும்மா இருக்குமா? அதே மாதம் அமெரிக்க ஆப்பிளுக்குக் கூடுதலாக 20 சதவிகிதம் விதித்தது. பாதாம், வால்நட்டும் தப்பவில்லை.

இரும்புக்காக நடந்த சண்டையில் அடி வாங்கியது ஆப்பிள்! வாஷிங்டன் மாநிலத்துப் பழத்தின் வரத்து அடியோடு சரிந்தது. அந்த இடத்தைத் துருக்கி, ஈரான் பழங்கள் பிடித்துக்கொண்டன. 2023 செப்டம்பரில்தான் அந்த 20 சதவிகிதம் நீங்கியது. பழைய 50 அப்படியே நின்றது.

உறவினருக்குத் தனி வாசல்

கல்யாண வீட்டில் மற்றவர்கள் பந்திக்குக் காத்திருக்க, நெருங்கிய சொந்தங்கள் சமையல்கட்டு வழியாக உள்ளே போவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வர்த்தகத்திலும் அப்படி ஒரு வழி உண்டு. தெற்காசிய நாடுகளின் உடன்பாட்டின்படி ஆப்கானிஸ்தான் ஆப்பிளுக்கு வரிச் சலுகை கிடைத்தது. அண்டை நாட்டு ஏழை விவசாயிக்குக் கை கொடுப்பது நல்ல காரியந்தான். ஆனால் ஈரான் பழம் ஆப்கன் பழமென்று பேர் சொல்லிக்கொண்டு அந்த வழியாக நுழைகிறது என்று நம் வடநாட்டு விவசாயிகள் புகார் செய்தார்கள்.

2023 மே மாதம் இன்னொரு தாழ்ப்பாளும் விழுந்தது. துறைமுகம் வந்து சேரும் விலை கிலோவுக்கு 50 ரூபாய்க்கு மேல் இல்லையென்றால், அந்த ஆப்பிளை இறக்குமதி செய்யக் கூடாது என்று உத்தரவாயிற்று. பூட்டானுக்கு மட்டும் விலக்கு.

நம் வீட்டுக் கணக்கு

"வடக்கே விளையும் பழத்துக்காக நாம் ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்?" என்று கேட்கத் தோன்றுகிறதா? பதில் சொல்லுமுன் ஒரு விஷயத்தை யோசியுங்கள். காந்திபுரத்திலிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர்தான். 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது அமெரிக்கா கூடுதலாக விதித்த வரியும் நூற்றுக்கு 50! திருப்பூர் பனியனும் அதில் சேர்ந்தது. ஆர்டர் குறையுமோ, வேலை நிலைக்குமோ என்று தையல் மெஷினுக்கு முன் அமர்ந்திருந்தவர்கள் கவலைப்பட்டார்கள்.

அன்று நம் பனியன் நின்ற இடத்தில்தான் வெளிநாட்டு ஆப்பிள் நம் துறைமுகத்தில் நிற்கிறது. வரி வேண்டாம் என்றால் ஹிமாசல விவசாயிக்குப் பதில் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்குகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த முறை கடைக்காரர் விலை சொல்லும்போது அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த விலையில் ஒரு பங்கை நிர்ணயித்தவர்கள் காந்திபுரம் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்!