அதிபர் நூலகத்து மேடையில் யார் பேசலாம்?

அமெரிக்க அரசியல் வரலாறு பற்றி யூட்யூபில் எதையாவது தேடியிருந்தால் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு மேடை, இரண்டு நாற்காலிகள், பின்னால் ஒரு முன்னாள் அதிபரின் பெயர். ஒரு வரலாற்றாசிரியர் தன்னுடைய புதுப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார். இல்லையென்றால் பழைய வெளியுறவு அமைச்சர் யாராவது அந்தக் காலத்து நெருக்கடி ஒன்றை நினைவுகூர்வார். கடைசியில் பார்வையாளர்கள் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்பார்கள். பாஸ்டனில் கென்னடி நூலகம், ஆஸ்டினில் ஜான்சன் நூலகம், கலிஃபோர்னியாவில் ரீகன், நிக்சன் நூலகங்கள் என்று பல இடங்களில் இது வருஷம் முழுக்க நடக்கிறது.

நான் இந்த உரைகளை விரும்பிக் கேட்கிறவன். ஆனால் கேட்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். ஒரு தலைவரின் பெயரில், அவருடைய நண்பர்கள் திரட்டிய பணத்தில் எழுந்த கட்டடம் அது. அங்கே உட்கார்ந்துகொண்டு அவரைப் பற்றி உண்மையைப் பேச விடுவார்களா? துதி பாடத்தானே மேடை போடுவார்கள்? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. ஆனால் இரண்டு நூலகங்களின் கதையைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

காப்பகமும் நினைவாலயமும்

முதலில் இந்த நூலகம் என்ற பெயரைப் பற்றி. உள்ளே போய் நாவல் இரவல் கேட்டால் கிடைக்காது. அங்கே இருப்பது அந்த அதிபரின் ஆட்சிக்காலத்துக் கடிதங்கள், குறிப்புகள், கோப்புகள், ஒலிநாடாக்கள். கூடவே ஓர் அருங்காட்சியகம்.

ஒரு காலத்தில் அதிபரின் காகிதங்கள் அவருடைய சொந்தச் சொத்து என்றே கருதப்பட்டன. பதவி முடிந்ததும் பெட்டியில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அப்புறம் குடும்பம் என்ன நினைக்கிறதோ அதுதான். லிங்கனின் மகன் தன் அப்பாவின் காகிதங்களைத் தான் இறந்து 21 வருஷம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவை 1947-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அதிபர் ஹார்டிங் இறந்தபோது அவர் மனைவி நிறையக் காகிதங்களை எரித்தே விட்டார்.

இதை மாற்றியவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் என்ற ஊரில் இருந்த தன் குடும்பப் பண்ணையில், நன்கொடைப் பணத்தில் ஒரு கட்டடம் கட்டி, காகிதங்களோடு சேர்த்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். 1941 ஜூன் 30 அன்று அது திறக்கப்பட்டது. அப்போது அவர் பதவியில்தான் இருந்தார். 1955-இல் வந்த ஒரு சட்டம் இந்த ஏற்பாட்டைப் பின்னால் வந்தவர்களுக்கும் பொதுவாக்கியது.

இந்த ஏற்பாட்டில்தான் சிக்கலும் இருக்கிறது. ஆவணங்களைக் காப்பது தேசிய ஆவணக் காப்பகம். அங்கே வேலை செய்யும் ஆவணக் காப்பாளர்கள் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள். பக்கத்திலேயே ஒரு தனியார் அறக்கட்டளை இருக்கும். அதில் அதிபரின் குடும்பத்தார், பழைய உதவியாளர்கள், நன்கொடையாளர்கள் இருப்பார்கள். கண்காட்சிக்கும் பொது உரைகளுக்கும் பெரும்பாலும் பணம் வருவது இந்தப் பக்கத்திலிருந்து. ஆக, ஒரே கூரைக்குக் கீழே ஒரு காப்பகமும் ஒரு நினைவாலயமும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. காப்பகத்துக்கு உண்மை வேண்டும், நினைவாலயத்துக்குப் பெருமை வேண்டும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் எது என்று கேட்டால், பல சமயம் அந்த உரை மேடைதான்.

ஆஸ்டின், 1972

லிண்டன் ஜான்சனின் நூலகம் டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 1971 மே மாதம் திறக்கப்பட்டது. அன்றைக்கும் வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் வெளியே கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஜான்சன் பேசும்போது, எங்கள் காலத்தின் கதை இங்கே பட்டை உரித்தபடி அப்படியே இருக்கிறது, நல்லதும் இருக்கிறது கெட்டதும் இருக்கிறது என்கிற பொருளில் சொன்னார். திறப்பு விழாவில் யாரும் சொல்லக்கூடியதுதான். அது பேச்சோடு போச்சா இல்லையா என்பதுதான் கேள்வி.

அடுத்த வருஷம் டிசம்பரில் அந்த நூலகத்தில் சிவில் உரிமைகள் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. சிவில் உரிமைகள் தொடர்பான அவருடைய ஆவணங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டதை ஒட்டி ஏற்பாடான கூட்டம் அது. முன்னாள் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், பார்பரா ஜோர்டன், ஜூலியன் பாண்ட் எல்லாரும் வந்திருந்தார்கள். ஊரே பனிப்புயலில் உறைந்து கிடந்தது. ஜான்சனுக்கோ இதய நோய் முற்றியிருந்தது. போக வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லியும் போனார். பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வலிக்கு ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

1964-இன் சிவில் உரிமைகள் சட்டமும் 1965-இன் வாக்குரிமைச் சட்டமும் அவர் கையெழுத்திட்டவை. பெருமையடித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அவர் பேசியது வேறு. கையிலிருந்த காலத்தில் இன்னும் அதிகம் செய்யாமல் போனதற்கு வெட்கப்படுவதாகச் சொன்னார். சட்டத்தை மாற்றியதோடு வேலை முடியவில்லை, நூற்றாண்டுகளாகப் பின்னால் தள்ளப்பட்டவர்கள் சமமான தரையில் நிற்கவில்லை என்பதுதான் அந்த உரையின் சாரம்.

அது முடிந்ததும் ஒரு சலசலப்பு. கூட்டத்திலிருந்த சில செயல்பாட்டாளர்கள், அப்போதைய நிக்சன் ஆட்சியைக் கண்டித்து அறிக்கை வாசிக்க எங்களுக்கும் மேடை வேண்டும் என்று கேட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சொல்லித் தட்டிவிட்டிருக்கலாம். ஜான்சன் அவர்களைப் பேச விட்டார். பிறகு தானே மறுபடி மேடையேறி, கோபத்தைக் கொட்டுவதோடு நிற்காமல் ஒன்றாகக் கூடி யோசித்துக் கோரிக்கையை எடுத்துப் போங்கள் என்று வகுப்பெடுத்தார். அதுதான் அவருடைய கடைசிப் பொது உரை. ஆறு வாரத்தில், 1973 ஜனவரி 22 அன்று, இறந்துபோனார்.

சரி, இது அவர் பெருமைப்படக்கூடிய விஷயம், அதனால் திறந்த மனதோடு இருந்தார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வியட்நாம்தான் அவருடைய உண்மையான பரீட்சை. அவர் அதிபராக இருந்தபோது தன் தொலைபேசி உரையாடல்களை ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். தான் இறந்து 50 வருஷத்துக்கு அதைத் திறக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். கணக்குப்படி 2023 வரை பூட்டியிருக்க வேண்டும். ஆனால் நூலக இயக்குநர் ஹாரி மிடில்டன், ஜான்சனின் மனைவியின் சம்மதத்தோடு, 1993-இலேயே திறக்க ஆரம்பித்தார்.

அதிலிருந்து வெளிவந்ததில் முக்கியமானது 1964 மே மாத உரையாடல்கள். பெரும்படையை வியட்நாமுக்கு அனுப்புவதற்கு முந்தைய வருஷமே, இந்தப் போரில் ஜெயிக்க முடியுமா என்ற சந்தேகம் அவருக்கு ஆழமாக இருந்தது என்பது அவர் குரலிலேயே கேட்கிறது. இது அவர் பெயரைக் காப்பாற்றும் பதிவு இல்லை. தெரிந்தே போனார் என்று குற்றம் சாட்டவும் இதுவே ஆதாரம். 2016 ஏப்ரலில் அதே நூலகம் வியட்நாம் போர் பற்றி மூன்று நாள் மாநாடு நடத்தியது. கிஸ்ஸிஞ்சரும் வந்தார், அந்தப் போரில் சண்டையிட்டுத் திரும்பி வந்து அதை எதிர்த்த ஜான் கெர்ரியும் வந்தார்.

யோர்பா லிண்டா, 1990 முதல் 2011 வரை

இப்போது நேர் எதிரான ஒரு கதை. வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். அவர் நாடாக்களை அழித்துவிடலாம் என்ற பயத்தில், அவற்றை அரசே கையகப்படுத்தும்படி காங்கிரஸ் அந்த வருஷமே சட்டம் போட்டது. (1978-இல் வந்த இன்னொரு சட்டம், 1981 ஜனவரி முதல் பதவிக்கு வருகிற அதிபர்களின் ஆவணங்கள் மக்களுடைய சொத்து என்றே ஆக்கிவிட்டது.) அதனால் 1990-இல் அவர் பிறந்த ஊரான யோர்பா லிண்டாவில் நூலகம் திறந்தபோது அது முழுக்கத் தனியார் நிறுவனம். அசல் ஆவணங்கள் வாஷிங்டன் பக்கம் அரசிடமே இருந்தன.

திறப்பதற்கு முன்பே ஒரு கூத்து. நிக்சனுக்கு ஆகாத ஆய்வாளர்களை உள்ளே விடமாட்டோம் என்றார் அதன் முதல் இயக்குநர். உதாரணத்துக்கு அவர் சொன்ன பெயர் பாப் உட்வர்ட். வாட்டர்கேட்டைத் தோண்டி எழுதிய வாஷிங்டன் போஸ்ட் நிருபர். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டொரு நாளில் அந்தப் பேச்சை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் உள்ளே இருந்த வாட்டர்கேட் கண்காட்சியோ, அது எதிரிகள் நிக்சனைக் கவிழ்க்கச் செய்த வேலை என்கிற தொனியில்தான் இருந்தது.

2005-இல் நிக்சனும் வியட்நாமும் என்ற தலைப்பில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்கை நூலகம் ரத்து செய்தது. போதிய பேர் பதிவு செய்யவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். விமர்சகர்கள் பேசவிருந்ததால்தான் ரத்து என்று வரலாற்றாசிரியர்கள் கொதித்தார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு அசல் ஆவணங்களைக் கொடுக்காதீர்கள் என்று காங்கிரசுக்கே எழுதினார்கள். ஒரு கூட்டம் ரத்தானதற்கு இவ்வளவா என்று தோன்றும். மேடையை மூடுகிற கை நாளைக்குக் கோப்பையும் மூடும் என்பதுதான் அவர்களுடைய பயம்.

2007-இல் தேசிய ஆவணக் காப்பகம் நூலகத்தை ஏற்றுக்கொண்டது. இயக்குநராக வந்தவர் பனிப்போர் வரலாற்று ஆய்வாளர் டிமதி நஃப்தாலி. பழைய வாட்டர்கேட் கண்காட்சியைப் பிரித்து எடுத்தார். 2009 ஜூனில் ஜான் டீனைப் பேச அழைத்தார். நிக்சனின் வழக்கறிஞராக வெள்ளை மாளிகைக்குள் இருந்து, பிறகு செனட் குழு முன் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் டீன். நிக்சன் ஆதரவாளர்களுக்கு இது வீட்டுக்குள் துரோகியை விருந்துக்கு அழைத்த மாதிரி. அறக்கட்டளை கடுமையாக எதிர்த்தது. புதுக் கண்காட்சியின் வாசகங்களுக்கு வரிக்கு வரி மறுப்பு எழுதி அனுப்பியது. அதையெல்லாம் தாண்டி 2011 மார்ச் 31 அன்று அது திறந்தது. அடுத்த மாதமே அந்த மேடையில் ஏறியவர் யார் தெரியுமா? அதே பாப் உட்வர்ட். பக்கத்தில் அவருடைய பழைய ஆசிரியர் பென் பிராட்லி.

முடிவு சுபம் என்று போட்டுவிட ஆசைதான். ஆனால் நஃப்தாலி அந்த வருஷக் கடைசியில் பதவியை விட்டுப் போனார். அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் அந்த நூலகத்துக்கு நிரந்தர இயக்குநரே கிடையாது.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை

இந்த இரண்டு கதையையும் தெரிந்துகொண்ட பிறகு நான் இந்த உரைகளைக் கேட்கும் விதம் மாறிவிட்டது. பேசுகிறவர் நன்றாகப் பேசுகிறாரா என்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். அழைத்தது காப்பகமா, அறக்கட்டளையா? பேச்சு எந்த ஆவணத்தின் மேல் நிற்கிறது, அந்தப் பெட்டி திறந்திருக்கிறதா? அந்தத் தலைவரால் பாதிக்கப்பட்டவர்களோ எதிர்த்தவர்களோ எப்போதாவது இதே மேடையில் பேசியிருக்கிறார்களா?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். தலைமைப் பண்பு என்று தலைப்புப் போட்டு வரும் உரைகளில் பாதி, பெரியவர் எப்படி எளிமையாக இருந்தார், எவ்வளவு சீக்கிரம் எழுந்தார் என்ற கதைகளாகவே முடிந்துவிடும். தவறான முடிவு எப்படி எடுக்கப்பட்டது, அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதில்தான் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். அதைச் சொல்ல எதிர்த்தரப்பும் வேண்டும், காகிதமும் வேண்டும்.

இந்த ஏற்பாடு இப்போது மாறவும் செய்கிறது. சிகாகோவில் ஒபாமா பெயரில் அமைகிற மையத்தை அவருடைய அறக்கட்டளையே நடத்தும். ஆவணங்கள் தேசியக் காப்பகத்திடம் தனியாக, எண்ம வடிவில் இருக்கும். காப்பகத்துக்கும் நினைவாலயத்துக்கும் பாகப்பிரிவினை ஆன மாதிரி. சண்டை மிச்சம் என்று இதை வரவேற்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோர்பா லிண்டாவில் டீனையும் உட்வர்டையும் மேடையேற்ற முடிந்ததே, அரசுச் சம்பளம் வாங்கிய ஓர் ஆய்வாளர் அதே கூரைக்குக் கீழே இருந்ததால்தான்.